4. கை தானாகப் போகும் நேரம்

சில வருடங்களுக்கு முன் அம்மாவின் கழுத்தில் ஒரு கட்டி வந்தது. ஊசியால் கொஞ்சம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். "மூணு மணிக்கு வாங்க, ரிப்போர்ட் ரெடியா இருக்கும்" என்றார்கள். நான் இரண்டேகாலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ரிப்போர்ட் நாலரைக்குத்தான் கைக்கு வந்தது. அதுவரைக்கும் ரீல்ஸ் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒருவர் பரோட்டா மாவைக் காற்றில் விசிறினார். குட்டி யானை ஒன்று சேற்றில் சறுக்கி விழுந்தது. துருவேறிய பழைய பூட்டு ஒன்றை ஒருவர் தேய்த்துத் தேய்த்துப் பளபளக்க வைத்தார். அந்த இரண்டேகால் மணி நேரத்தில் அம்மாவைப் பற்றி நான் நினைத்தது மிகக் கொஞ்சம்.

சாதாரணக் கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று வந்தது. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தேன். வீட்டில் அம்மா காத்துக்கொண்டிருக்கிறாள். உடனே கூப்பிட்டிருக்க வேண்டும். போனை எடுத்த கை, பூட்டுக்காரரின் அடுத்த வீடியோவுக்குப் போனது. அம்மாவிடம் செய்தியைச் சொல்வதற்குள் 20 நிமிடம் ஓடிவிட்டது.

பயத்தைத் தாங்க முடியாமல் போனுக்குள் ஒளிந்துகொண்டேன் என்று முதல் பாதிக்குச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். இரண்டாவது பாதிக்கு என்ன சொல்வது? நிம்மதி வந்த நிமிடத்தையும் அல்லவா அங்கேயே கொண்டுபோய்க் கொட்டினேன். அன்றைக்கு உனக்கு எப்படி இருந்தது என்று யாராவது கேட்டால், எனக்கு இன்றும் பரோட்டா மாவுதான் ஞாபகம் வருகிறது.

கண், கழுத்து, வீணாகும் நேரம் ஆகியவற்றை முந்தைய அத்தியாயங்களில் பார்த்தோம். இது மனசைப் பற்றிய அத்தியாயம். இதில் பல யோசனைகள் வரும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: போனை எடுப்பதற்கு முந்தைய நொடி உங்களுக்குள் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று பார்க்கப் பழகுவது. கேட்க எளிதாக இருக்கும். செய்து பார்த்தால் தெரியும், அந்த நொடி எவ்வளவு வழுக்கும் என்று.

எத்தனை மணி நேரம் பார்க்கலாம்?

இந்த விஷயத்தைப் பேச ஆரம்பித்தாலே எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி இது. மாத்திரைக்கு அளவு கேட்பது போலக் கேட்கிறார்கள். அப்படி ஓர் அளவு கிடையாது. ஆய்வாளர்களே இதில் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அப்போது ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த ஏமி ஆர்பென், ஆண்ட்ரூ ஷிபில்ஸ்கி இருவரும் 3,55,358 வளரிளம் பருவத்தினரின் தகவல்களை அலசி 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளின் மனநலத்தில் காணப்படும் ஏற்றத்தாழ்வில் அதிகபட்சம் 0.4 சதவீதத்துக்குத்தான் டிஜிட்டல் சாதனங்களோடு தொடர்பு தெரிகிறது என்றார்கள். எதிர்த் தரப்பில் ஜீன் ட்வெங்கியும் ஜோனதன் ஹைட்டும் இருக்கிறார்கள். அமெரிக்கப் பிள்ளைகளின் மனச்சோர்வு 2012ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்து ஏறிக்கொண்டே போனதற்கு ஸ்மார்ட்போன்தான் முக்கியக் காரணம் என்பது இவர்கள் வாதம். வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் பெரும்பாலும் ஒரே கணக்கெடுப்புகளை வைத்துக்கொண்டுதான் மோதுகின்றன.

எனக்கு இந்தச் சண்டையில் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் மணிக்கணக்கு ஏன் ஏமாற்றுகிறது என்று சொல்ல முடியும். தோஹாவில் இருக்கும் மகளோடு வீடியோ காலில் ஒரு மணி நேரம் பேசுகிறாள் ஒரு அம்மா. நின்றுபோன நிச்சயதார்த்தத்து மாப்பிள்ளையின் ஸ்டேட்டஸை ஒரு மணி நேரம் திரும்பத் திரும்பப் பார்க்கிறாள் இன்னொரு பெண். போனின் செட்டிங்ஸ் பக்கத்தில் இரண்டும் ஒரு மணி நேரம்தான். இரண்டையும் ஒரே கூடையில் போட்டுச் சராசரி எடுத்தால் வரும் எண் யாருடைய எண்ணும் இல்லை.

அதனால் கணக்கெடுப்புகளை விட, ஆட்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்து பார்த்த சோதனைகள் நமக்கு அதிகம் உதவும். இரண்டைச் சொல்கிறேன்.

அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 143 மாணவர்களை வைத்து நடந்த சோதனையின் முடிவு 2018இல் வெளிவந்தது. ஒரு குழுவினர் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், ஸ்னாப்சாட் மூன்றில் ஒவ்வொன்றையும் நாளுக்குப் 10 நிமிடம் மட்டுமே பார்க்க வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல. மூன்று வாரம் கழித்து, குறைத்துக்கொண்டவர்களிடம் தனிமை உணர்வும் மனச்சோர்வும் குறைந்திருந்தன. இதுதான் பத்திரிகைகளில் தலைப்பாக வந்தது. அதே கட்டுரையில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. எதையும் குறைக்காத குழுவிடமும் பதற்றம் கொஞ்சம் இறங்கியிருந்தது, எதையோ தவறவிடுகிறோம் என்ற பயமும் இறங்கியிருந்தது. அவர்கள் செய்ததெல்லாம், எவ்வளவு பயன்படுத்தினோம் என்று தினமும் போனிலிருந்து படம் எடுத்து அனுப்பியது மட்டும்தான். நாம் செய்வதை நாமே பார்த்ததால் வந்த பலன் இது என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். இந்தச் சின்னச் செய்தியை வைத்துத்தான் இந்த அத்தியாயத்தையே எழுதுகிறேன்.

இரண்டாவது சோதனை 2025இல் வெளியானது. 467 பேர். இரண்டு வாரத்துக்குப் போனில் இன்டர்நெட் வராமல் அடைத்தார்கள். பேசலாம், எஸ்.எம்.எஸ். அனுப்பலாம், கம்ப்யூட்டரில் இன்டர்நெட் பார்க்கலாம். பையில் இருக்கும் கருவி மட்டும் பழைய நோக்கியா போல ஆகிவிடும். பலருக்கு மனநிலை தேறியது, ஒரு வேலையில் கவனம் நிற்கும் நேரமும் கூடியது. மிச்சமான நேரத்தில் ஆட்களை நேரில் பார்த்தார்கள், நடந்தார்கள், தூங்கினார்கள். நிறையப் பேரால் இரண்டு வாரமும் விதியை ஒழுங்காகக் கடைப்பிடிக்க முடியவில்லை என்பதும் அதில் பதிவாகியிருக்கிறது. படித்தபோது எனக்கு ஆறுதலாக இருந்த வரி அது.

ஒரு நோட்டும் ஒரு பேனாவும்

40 பக்க நோட்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "போனிலேயே குறிச்சுக்கிறேனே" என்று சொல்லாதீர்கள். குறிக்கப் போன கை எங்கே போய் நிற்கும் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

மூன்று நாள் எதையும் குறைக்க வேண்டாம். வழக்கம்போலவே போனை நோண்டுங்கள். ஆனால் ஒவ்வொரு முறை வைக்கும்போதும் நோட்டில் இரண்டு சொல் எழுதுங்கள். எடுக்கும் முன் எப்படி இருந்தது, வைத்த பின் எப்படி இருக்கிறது. எல்லா முறையும் எழுத முடியாது. ஒரு நாளைக்குப் பத்து முறை எழுதினால் தாராளம். நிமிடக் கணக்கு எழுத வேண்டாம், அதைப் போனே வைத்திருக்கிறது. ஆண்ட்ராய்டில் டிஜிட்டல் வெல்பீயிங் என்றும் ஐபோனில் ஸ்கிரீன் டைம் என்றும் 2018இலிருந்து அந்த வசதி இருக்கிறது.

முதல் நாளே ஒரு சிக்கல் வரும். சொல் கிடைக்காது. எனக்கு வந்தது. முதல் நாள் பக்கத்தைப் புரட்டினால் பத்து இடத்தில் "டென்ஷன்" என்று இருந்தது. நம் வீடுகளில் எல்லா உணர்ச்சிக்கும் இரண்டு மூன்று உறைகள்தான் வைத்திருக்கிறோம். டென்ஷன், மூட் அவுட், மனசு சரியில்லை, ஒரு மாதிரி இருக்கு. பசித்தாலும் ஒரு மாதிரிதான், அவமானப்பட்டாலும் ஒரு மாதிரிதான். தமிழில் இதற்குப் பஞ்சமா என்ன? சலிப்பு, ஏக்கம், வெறுமை, பதைப்பு, கூச்சம், ஆற்றாமை, கடுப்பு, பொறாமை, குறுகுறுப்பு, மனத்தாங்கல். மனத்தாங்கலும் கோபமும் ஒன்றல்ல என்று நம் பாட்டிகளுக்கு நன்றாகத் தெரியும். கோபக்காரரைத் திட்டிவிட்டுப் போவார்கள். மனத்தாங்கல் என்றால் சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு உட்கார வைப்பார்கள்.

உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைத்தாலே அதன் வேகம் கொஞ்சம் தணிகிறது என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. கலிபோர்னியாவில் மேத்யூ லீபர்மன் குழுவினர் 2007இல் வெளியிட்டது. கோபமும் பயமும் தெரியும் முகங்களைப் பார்த்து அந்த உணர்ச்சியைச் சொல்லால் குறித்தபோது, மூளையில் ஆபத்து மணி அடிக்கும் பகுதியான அமிக்டலாவின் பரபரப்புக் குறைந்ததை ஸ்கேனில் பார்த்தார்கள். ஸ்கேன் படத்தை வைத்து ஊரையே வளைக்கும் ஆள் நான் இல்லை. ஆனால் இரண்டாம் நாள் "டென்ஷன்" என்ற சொல்லுக்குத் தடை போட்டேன். அதற்கப்புறம் நோட்டு பேச ஆரம்பித்தது.

என் நோட்டிலிருந்து சில வரிகள்: காலை 6.40, சோம்பல், வைத்த பின் லேசான பொறாமை, கூடப் படித்தவன் கார் வாங்கியிருக்கிறான். பகல் 11.15, ஒரு மெயிலுக்குப் பதில் எழுதப் பயம், வைத்த பின் அதே பயம், கூடவே குற்ற உணர்ச்சி. மதியம் 1.30, சும்மா, வைத்த பின் சிரிப்பு, தங்கை அனுப்பிய குழந்தை வீடியோ. இரவு 10.50, வெறுமை, வைத்த பின் வெறுமை, மணி 12.25.

மூன்று நாள் முடிந்ததும் உட்கார்ந்து படித்துப் பாருங்கள். முன்னால் எழுதிய சொல்லும் பின்னால் எழுதிய சொல்லும் மாறியிருக்கும் இடங்கள் சில இருக்கும், நல்லபடியாக மாறியவை. அவற்றைத் தொடாதீர்கள். அந்தக் குழந்தை வீடியோவை யாரும் உங்களிடமிருந்து பிடுங்க வேண்டியதில்லை. முன்னால் இருந்த அதே சொல் பின்னாலும் இருக்கும் இடங்களையும், இன்னும் மோசமான இடங்களையும் வட்டமிடுங்கள். உங்கள் வேலை அந்த வட்டங்களில்தான்.

வட்டமிட்ட சொல்லுக்குத் தக்கபடி

வட்டத்துக்குள் இருப்பது சலிப்பு என்றால் ஒன்றும் செய்யாதீர்கள். பஸ் வரப் பத்து நிமிடமாகும் என்றால் ஆகட்டும். எதிர்க்கடை போர்டைப் படியுங்கள். சலிப்புக்கு மருந்து வேண்டியதில்லை.

பயம் என்றால், எதைப் பற்றி என்று ஒரு வரி எழுதுங்கள். பாதிப் பயங்கள் செய்யாமல் தள்ளிப்போட்ட ஒரு வேலையாகவே இருக்கும். அந்த மெயிலை எழுத எனக்கு நாலு நிமிடம்தான் ஆனது. உடம்பைப் பற்றிய பயம் என்றால் இரவு பத்து மணிக்கு மேல் அறிகுறிகளைத் தேடிப் பார்ப்பதில்லை என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் தேடினால் எல்லாத் தலைவலியும் மூளைக் கட்டியாகத்தான் முடியும்.

கோபம் என்றால் அது பெரும்பாலும் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் இருந்து வந்திருக்கும். மெசேஜைப் பார்த்துவிட்டான், பதில் போடவில்லை என்ற மனத்தாங்கல் ஒரு தனி ரகம். நீல டிக் 2014 நவம்பரில் வந்தது. அதற்கு முன் கடிதம் போட்டுவிட்டு ஒரு வாரம் நிம்மதியாக இருந்தவர்கள்தான் நாமெல்லாம். செட்டிங்ஸில் அதை அணைத்துவிடலாம். அணைத்தால் மற்றவர் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. நல்லதுதான். சித்தப்பாவோடு அரசியல் சண்டை என்றால் எழுத்தில் போடாதீர்கள், கூப்பிட்டுச் சண்டை போடுங்கள். குரலில் போடும் சண்டை சீக்கிரம் முடிந்துவிடும், ஸ்கிரீன்ஷாட் ஆகாது.

பொறாமை, ஏக்கம் இரண்டையும் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும். ஆட்கள் ஒத்துக்கொள்ளத் தயங்குவதும் இவைதான்.

மனிதன் தன்னைப் பக்கத்து மனிதனோடு ஒப்பிட்டுத்தான் தன் நிலையை எடைபோடுகிறான் என்று லியோன் பெஸ்டிங்கர் 1954இலேயே எழுதிவிட்டார். அப்போது பக்கத்து மனிதன் என்பது பக்கத்து வீடு, ஒரே ஆபீஸ், ஒரே தெரு. கார் வாங்கியவன் கடனுக்கு அலைந்ததும் நம் கண்ணில் பட்டுவிடும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 2017 பிப்ரவரியில் வந்த பிறகு கார் மட்டும் தெரிகிறது, கடன் தெரிவதில்லை. தானாக எதையும் எழுதாமல், யாரோடும் பேசாமல், மற்றவர் வாழ்க்கையை வெறுமனே பார்த்துக்கொண்டே போவதுதான் மனநிலையை அதிகம் கீழே இழுக்கிறது என்று பேஸ்புக்கை வைத்து 2015இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இதற்கு ஒரே குரலில் தலையாட்டவில்லை. ஆனால் நோட்டுப் போட்டுப் பார்த்த பலரும் இதைத்தான் சொல்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் கல்யாணமாகி ஒன்பது வருடமாகக் குழந்தைக்காகச் சிகிச்சையில் இருக்கிறார். தை மாதமும் ஆவணி மாதமும் வந்தால் அவர் ஸ்டேட்டஸ் பட்டியல் முழுக்க வளைகாப்பு. கண்ணாடி வளையல், சந்தனம் பூசிய கன்னம், ஐந்து வகைச் சாதம். யார் மேலும் அவருக்குக் கோபம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் திறந்து பார்ப்பார், ஒவ்வொன்றுக்கும் இதயம் போடுவார், பிறகு அடுப்படியில் நின்று அழுவார். பார்க்காவிட்டால் பொறாமைப்படுகிறாள் என்று நினைத்துவிடுவார்களாம், யார் யார் பார்த்தார்கள் என்ற பட்டியல்தான் இருக்கிறதே.

அவரிடம் நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். ஸ்டேட்டஸை மியூட் செய்யலாம். ஒருவருடைய ஸ்டேட்டஸைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தாலோ, அதன் மெனுவைத் திறந்தாலோ அந்த வசதி இருக்கும். நீங்கள் மியூட் செய்தது அவர்களுக்குத் தெரியவே தெரியாது. நெருங்கியவர்களின் விசேஷம் என்றால் உங்களுக்குத் தாங்கும் ஒரு நாளில் நேரில் போய், அல்லது போனில் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொல்லுங்கள். ஸ்டேட்டஸுக்குப் போட்ட இதயத்தை யாரும் ஒரு வாரம் கூட நினைவில் வைத்திருக்க மாட்டார்கள்.

தனிமைதான் உங்கள் சொல் என்றால், இந்த நூல் முழுக்க நான் சொல்வதற்கு எதிராக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது: போனை எடுங்கள். எடுத்து யாரையாவது கூப்பிடுங்கள். அது பேசுவதற்காக வந்த கருவி என்பதே நமக்கு மறந்துவிட்டது. மகன் அமெரிக்காவில், கணவர் காலமாகிவிட்டார், முழங்கால் வலியால் கோயிலுக்கும் போக முடியவில்லை என்று இருக்கும் ஒரு பெரியம்மாவிடம் "போனைக் குறைங்க" என்று சொல்வது அநியாயம். அவருக்குத் தேவை வாரத்தில் மூன்று பேர் அவரைக் கூப்பிடுவது. நீங்கள் ஏன் அந்த மூன்று பேரில் ஒருவராக இருக்கக் கூடாது?

பழி முழுக்க உங்கள் மேல் இல்லை

நோட்டைப் பார்த்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொள்பவர்கள் உண்டு. கட்டுப்பாடு இல்லாத ஜென்மம் என்று. கொஞ்சம் நிதானம். தள்ளத் தள்ள முடியாமல் பக்கம் நீண்டுகொண்டே போகும் ஏற்பாட்டை 2006இல் வடிவமைத்தவர் ஏசா ரஸ்கின். பின்னாளில் அதற்காக வருந்திப் பேசியவரும் அவரேதான். அதற்கு முன் பக்கம் ஒன்று, பக்கம் இரண்டு என்று இருந்தது. பக்கம் முடிந்த இடத்தில் நாமும் எழுந்து போக ஒரு வாய்ப்பு இருந்தது. எத்தனை முறை கொத்தினால் தானியம் விழும் என்று தெரியாத புறாதான் விடாமல் கொத்திக்கொண்டே இருக்கும் என்பதை பி.எப். ஸ்கின்னர் 1950களிலேயே காட்டிவிட்டார். அடுத்த ரீல் நன்றாக இருக்குமா இருக்காதா என்பது தெரியாதவரை கட்டைவிரல் நிற்காது.

நம் ஊரில் இது வேகம் எடுத்தது 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை விழுந்த பிறகு. 2020 ஜூனில் டிக்டாக்கைத் தடை செய்தார்கள், ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸ் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி என்று பேக் போட்டுவிட்டு, ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு "இன்னும் அரை ஜிபி இருக்கே, வீணாப் போயிடுமே" என்று உட்கார்ந்து தீர்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். சோற்றை வீணாக்கக் கூடாது என்று வளர்ந்த கூட்டம் அல்லவா.

போனில் செய்ய வேண்டியவை

நோட்டிபிகேஷன் எல்லாவற்றையும் ஒரேயடியாக அணைத்துவிடாதீர்கள். 2019இல் வெளிவந்த ஒரு சோதனையில் 237 பேரைப் பல குழுக்களாகப் பிரித்தார்கள். நாளுக்கு மூன்று முறை மொத்தமாக நோட்டிபிகேஷன் வந்தவர்களுக்கு மனநிலை தேறியது, அழுத்தம் குறைந்தது. அறவே வராமல் செய்தவர்களுக்கு அந்தப் பலன் அதிகம் கிடைக்கவில்லை, பதற்றம்தான் கூடியது. என்ன வந்திருக்குமோ என்று மனசு அடித்துக்கொண்டே இருந்திருக்கும். மனிதர்கள் அனுப்புவது வரட்டும்; தள்ளுபடி, விளையாட்டு, செய்தி என்று இயந்திரம் அனுப்புவதை நிறுத்துங்கள். வாட்ஸ்அப் குரூப்புகளை மியூட் செய்துவிட்டு, டிபனுக்குப் பிறகு, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, சாயங்கால டீக்குப் பிறகு என்று மூன்று வேளை பாருங்கள்.

ஆப்பை அழிப்பது பற்றி என் அனுபவம். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவேசம் வந்து இன்ஸ்டாகிராமை அழித்தேன். புதன்கிழமை குரோமில் அதே பக்கத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வியாழக்கிழமை ஆப் திரும்ப வந்துவிட்டது. அழிப்பதை விட, ஆப் இருக்கும் இடத்தை மாற்றுவது எனக்கு வேலை செய்தது. முகப்பில் இருந்து எடுத்து உள்ளே தள்ளி, ஒவ்வொரு முறையும் பெயரை அடித்துத் தேட வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். பெயரை அடிக்கும் அந்த நாலு நொடியில்தான் "இப்ப என்னடா உனக்கு?" என்று கேட்க நேரம் கிடைக்கிறது.

கவனம் தேவைப்படும் வேலையின்போது போனை வேறு அறையில் வையுங்கள். டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கிட்டத்தட்ட 800 பேரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், மேசையில் போன் சும்மா கிடந்தவர்களை விட அடுத்த அறையில் வைத்தவர்கள் தேர்வுகளை நன்றாகச் செய்தார்கள். திரும்பச் செய்தவர்களில் சிலருக்கு அதே முடிவு கிடைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காசு செலவில்லாத யோசனை, உங்களுக்கு உதவுகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

டெலிவரி ஓட்டுபவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், ஆன்லைனில் புடவை விற்பவர்களுக்கு மேலே சொன்னவற்றில் பாதி பொருந்தாது. ஆர்டர் சத்தம் கேட்காவிட்டால் அன்றைய வருமானம் போய்விடும். முடிந்தால் பழைய போன் ஒன்றைத் தொழிலுக்கென்று ஒதுக்கி, வேலை முடிந்ததும் அதை அணைத்துவிடுங்கள். அதற்கு மேல் இவர்களுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ராத்திரி பதினோரு மணி

மேல்வீட்டு அக்கா ஒருநாள் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார். "போன் பத்தி ஏதோ புத்தகம் எழுதுறியாமே தம்பி. ராத்திரி பார்க்கக் கூடாதுன்னு எழுதிடாத. காலையில அஞ்சு மணிக்கு எழுந்திரிச்சா பாத்திரம் கழுவி நிமிர்றதுக்குப் பத்தரை ஆயிடுது. எனக்குன்னு கிடைக்கிறது அந்த ஒரு மணி நேரம்தான்."

சீனாவில் இதற்கென்றே ஒரு சொல் புழங்குகிறது. பகல் முழுக்கப் பிறருக்காகப் போன நேரத்துக்குப் பழிவாங்க, தூக்கத்தைத் தள்ளிப்போட்டுக்கொண்டு விழித்திருப்பது என்று அர்த்தம். அக்கா அந்தச் சொல்லைக் கேட்டதில்லை, ஆனால் விஷயம் அதுதான். இரவு பத்தரைக்கு மேல்தான் ஒரு பெண்ணுக்கு நேரம் கிடைக்கிறது என்றால் கோளாறு போனில் இல்லை, அந்த வீட்டில் இருக்கிறது. இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆண்கள் இன்றிரவு பாத்திரம் கழுவினால், வீட்டில் ஒருவரின் போன் நேரம் நிச்சயம் குறையும்.

ஆனாலும் அக்காவிடம் நோட்டைக் கொடுத்தேன். ஒரு வாரம் எழுதினார். சமையல் வீடியோ, பழைய இளையராஜா பாட்டு, இவற்றுக்குப் பின்னால் "நல்லாருந்துச்சு" என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் தானாக வந்த ரீல்ஸுக்குப் பின்னால் "தலைவலி", "ஏன் பார்த்தேன்" என்று இருந்தது. இப்போது பாட்டு கேட்கிறார், அரை மணி நேரத்தில் அணைக்கிறார். தினமுமா என்று நான் கேட்கவில்லை.

நீல வெளிச்சம் பற்றி நிறையப் பேசுகிறார்கள், அதைத் தடுக்கும் கண்ணாடி என்று விற்கவும் செய்கிறார்கள். 12 பேரை ஆய்வுக்கூடத்தில் தங்க வைத்து, தூங்கும் முன் நாலு மணி நேரம் ஒளிரும் திரையில் படிக்க வைத்த ஒரு சோதனையில், காகிதப் புத்தகம் படித்த நாட்களை விடத் தூக்கம் வருவதற்குச் சுமார் 10 நிமிடம்தான் கூடுதலாக ஆனது. என் கணக்கில் வெளிச்சம் திருடுவது பத்து நிமிடம், உள்ளே ஓடும் விஷயம் திருடுவது ஒன்றரை மணி நேரம். கண்ணாடிக்குப் போடும் காசில் ஒரு டைம்பீஸ் வாங்குங்கள். அலாரத்துக்காகத்தான் போன் தலைமாட்டில் இருக்கிறது என்ற சாக்கு அதோடு போய்விடும். சார்ஜரைக் கூடத்து பிளக் பாயிண்டில் நிரந்தரமாகச் சொருகி விடுங்கள். ராத்திரி ஏதாவது அவசரம் என்றால் மணி அடிக்கும், கேட்கும்.

எப்போது வெளியே கேட்க வேண்டும்

யாரைப் பார்த்தாலும் "போன் அடிக்ட்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் 11ஆம் பதிப்பில் கேமிங் கோளாறு இருக்கிறது. 2022 முதல் அது நடைமுறையிலும் உள்ளது. போன் அடிமைத்தனம் என்று தனியாக ஒரு நோய் அதில் இல்லை. அதனால் பிள்ளைக்கு அந்தப் பட்டத்தைச் சூட்டாதீர்கள். பட்டம் சூட்டிய பிறகு பிள்ளை உங்களிடம் எதையும் சொல்லாது.

ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் நோட்டில் வெறுமை, வெறுமை என்றே வருகிறது என்றால் போனை விட்டுவிட்டு அந்தச் சொல்லைக் கவனியுங்கள். தூக்கம் கெட்டுப்போவது, சாப்பாடு பிடிக்காமல் போவது, முன்பு பிடித்த எதிலும் ஆசை இல்லாமல் போவது, உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வருவது, இவற்றில் எது இருந்தாலும் இந்த நூலை மூடிவிட்டு மருத்துவரிடம் போங்கள். கடைசியாகச் சொன்னது வந்தால் அன்றைக்கே போங்கள், ஒருவரைத் துணைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள். மனச்சோர்வால் போனுக்குள் போனவர்களிடம் போனைப் பிடுங்கினால் மனச்சோர்வு மட்டும் மிஞ்சும்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்தப் பழக்கத்துக்கென்றே 2014இலிருந்து ஷட் கிளினிக் நடக்கிறது. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. நேரில் போகத் தயக்கம் என்றால் மத்திய அரசின் டெலி மானஸ் சேவை இருக்கிறது. எண் 14416. இரவும் பகலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. நோட்டின் முதல் பக்கத்தில் அந்த எண்ணை எழுதிவிட்டு, அதற்கடுத்த பக்கத்தில் இன்றைய தேதியைப் போடுங்கள்.